இக்காலத்து முத்தீ

தீயைக் கண்டு அஞ்சிய மனிதன், காலப்போக்கில் அதனை ஓம்பக் கற்றான். அடுப்பில் நின்றபோது அது அன்னம் சமைத்தது. உலையில் நின்றபோது இரும்பை இளக்கியது. காவல் தவறியபோது கூரையை எரித்தது. முன்னோர் வேள்விக்குரிய தீயை மூன்றாக வகுத்து முத்தீ என்றனர். இக்கால அறிவியலும் வெடித்தெழும் ஆற்றலை மூவகையாகப் பிரித்துக் காட்டுகின்றது. வெடிமருந்தின் தீ ஒன்று. அணுக்கருவின் தீ மற்றொன்று. பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று தொட்டு மறையுங்கால் எழும் தீ மூன்றாவது. முதலிரண்டின் அழிவையும் உலகம் கண்ணாரக் கண்டது. மூன்றாவதை ஆய்வுக்கூடங்களில் துகளளவில் மட்டுமே கண்டுள்ளது. இவை தம்முள் எவ்வாறு வேறுபடும் என்பதை இங்கே ஆராய்வோம்.

யான் வாழும் ஊர், ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்கும் எல்லைப்புற ஊர் அது. அருகே சிப்காட் தொழிற்பேட்டை விரிந்து கிடக்கின்றது. ஆலை வேலை முடிந்து திரும்பும் இளைஞர் சிலர் மாலையில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அளவளாவுவது வழக்கம். அவர்களுள் லேத்துப் பட்டறையில் பணிபுரியும் ஒருவன் ஒரு நாள், "ஐயா, எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்டாமே! அதனால் குண்டு செய்தால் அணுகுண்டினும் பன்மடங்கு வலியதாம். ஆனால் நச்சுக் கதிர் எஞ்சாதாம். தூய குண்டு என்கிறார்கள். மெய்தானா?" என்று வினவினான். குண்டின் வலிமையைக் காட்டிலும், 'தூய' என்னும் அடைமொழியே என் நெஞ்சை உறுத்தியது. "தம்பி, சொல்லின் பொருள் யான் அறிவேன்; இந்தப் பொருளின் இயல்பைப் படித்தறிந்து சொல்வேன்" என்றேன். அதன்பின் நூல்களையும் அறிவியல் கற்ற நண்பர்களையும் நாடி யான் தெரிந்துகொண்டவற்றையே இங்குக் கூறுகின்றேன்.

முதலில் எதிர்ப்பொருள் யாது என்று காண்போம். எதிர்மறைக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் கூறுவர் இலக்கணம் வல்லார். எதிர்ப்பொருள் என்பது பொருளின் இன்மையன்று. அதற்கும் எடை உண்டு, இடம் உண்டு. அது பொருளின் மறுதலை. நம் உடலிலும் மண்ணிலும் உள்ள எலக்ட்ரான் எதிர்மின்னூட்டம் உடையது. அதே எடையும் நேர்மின்னூட்டமும் உடைய இணை ஒன்று இருத்தல் வேண்டும் என்பதற்குரிய கணக்கை, 1928-ஆம் ஆண்டில் டிராக் என்னும் ஆங்கிலேய அறிஞர் வகுத்தார். 1932-ஆம் ஆண்டில் ஆண்டர்சன் என்னும் அமெரிக்கர், விண்ணிலிருந்து வரும் கதிர்களை ஆராய்கையில் அதனைக் கண்டார். அதுவே பாசிட்ரான். புரோட்டானுக்குரிய மறுதலையை 1955-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் கண்டறிந்தனர். இத்துறையில் நம் நாட்டவர் பெயரும் நிலைத்துள்ளது. எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறும் முறையைக் கணக்கிட்டு 1936-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஓமி பாபா. அந்நிகழ்ச்சி இன்றும் உலகெங்கும் 'பாபா சிதறல்' என்றே வழங்குகின்றது. அவர் 1939-இல் தாயகம் வந்து, ஓசூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் விண்கதிர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பிற்காலத்தில் நாட்டின் அணுசக்தித் துறைக்கு அடிகோலியவரும் அவரே. இரண்டாம் தீயையும் மூன்றாம் தீயையும் ஒருங்கே அறிந்த பெரியார் அவர் எனலாம்.

இனி முத்தீயுள் முதலாவதைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி மாவட்டம் கருங்கல்லுக்குப் பேர்பெற்றது. பாறையில் குழியிட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்து வேட்டுப் போடுவதை இப்பகுதியார் நன்கறிவர். அங்கே நிகழ்வது யாது? அணுக்கள் தம் பழைய கூட்டாளியை விட்டுப் புதிய கூட்டாளியைச் சேர்கின்றன. அவ்வளவே. அணுவின் உள்ளே இருக்கும் கருவிற்கு ஊறு ஒன்றும் நேர்வதில்லை. ஆயிரம் டன் வெடிமருந்து வெடித்தாலும், அதில் ஆற்றலாக மாறி மறையும் நிறை ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கினும் குறைவே.

இரண்டாம் தீ அணுவின் கருவையே பிளக்கின்றது. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரோசிமா நகரின்மீது வீழ்ந்த குண்டில் ஏறத்தாழ 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. அதில் உண்மையில் பிளவுபட்டது ஒரு கிலோகிராமினும் குறைவு. பிளவுபட்டதிலும் ஆற்றலாக மாறியது ஏறத்தாழ முக்கால் கிராமே. நம் பொற்கொல்லர் பொன்னை நிறுக்கும் குன்றிமணியால் சொன்னால், ஏறத்தாழ ஆறு குன்றிமணி எடை. அந்த ஆறு குன்றிமணி, பதினைந்தாயிரம் டன் வெடிமருந்தின் வேகத்தோடு எழுந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மாண்டவர் ஏறத்தாழ 1,40,000 பேர் என மதிப்பிடுவர்.

மூன்றாம் தீயோ மிச்சம் வையாது. எதிர்ப்பொருள் தனக்கு நிகரான பொருளைத் தொட்டால், இரண்டன் நிறையும் முழுவதும் ஆற்றலாக மாறும். அணுக்கருப் பிளவில் எரிபொருளின் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஆற்றலாகும். இங்கே ஆயிரம் பங்கும் ஆகும். ஆதலின், இரோசிமாவில் எழுந்த ஆற்றலை எழுப்ப மூன்று குன்றிமணி எதிர்ப்பொருளும், அது தொடுவதற்கு மூன்று குன்றிமணி மண்ணோ காற்றோ போதும். ஒரு கிராம் எதிர்ப்பொருள் அழியுமாயின், நாற்பத்து மூவாயிரம் டன் வெடிமருந்துக்கு ஒப்பான ஆற்றல் வெளிப்படும். இளைஞன் கேட்ட வலிமை பற்றிய செய்தி, கணக்களவில் மெய்யே.

ஆயினும் இவ்விரு தீக்கும் உள்ள வேறுபாடு அளவோடு நிற்பதன்று, இயல்பிலேயே உண்டு. அணுகுண்டு வெடித்தல் அரிது. யுரேனியம் குறித்த அளவு சேர வேண்டும். குறித்த வடிவில் நெருங்க வேண்டும். ஒரு கரு பிளவுறுங்கால் வெளிப்படும் நியூட்ரான் அடுத்த கருவைப் பிளக்கும் தொடர்வினை, நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குள் நடந்து முடிய வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் அது வெறும் உலோகக் கட்டியாய்க் கிடக்கும். எதிர்ப்பொருளுக்குத் திரியும் வேண்டா, தூண்டுதலும் வேண்டா, குறைந்த அளவென்று ஒன்றும் இல்லை. ஒரு துகளாயினும் பொருளைத் தொட்டவுடன் மறையும். எனவே அணுகுண்டு செய்வோன் கவலை, அதனை வெடிக்கச் செய்வது எங்ஙனம் என்பது. எதிர்ப்பொருளை வைத்திருப்போன் கவலை, அது வெடியாமல் காப்பது எங்ஙனம் என்பது. எந்தப் பாண்டத்தில் இட்டாலும் பாண்டமும் பொருளன்றோ? ஆதலின் காற்றை நீக்கிய கலத்தின் நடுவே, மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் அதனைத் தாங்கி நிறுத்துகின்றனர். மேலே செல்லவும் மாட்டாது, கீழே விழவும் மாட்டாது நின்ற திரிசங்குவைப் போல, எச்சுவரையும் தொடாது அது நிற்றல் வேண்டும். மின்னாற்றல் ஒரு கணம் நின்றால் காவலும் நின்றுவிடும்.

வெடிக்கும் முறையும் வேறு. சூடேறிய தோசைக்கல்லில் நீர் தெளித்தால், துளி உடனே வற்றுவதில்லை; தன் அடியில் எழும் ஆவியே தன்னைத் தூக்க, துள்ளித் துள்ளி ஓடும். எதிர்ப்பொருள் கட்டி ஒன்று தரையைத் தொடுமாயின், தொட்ட விளிம்பு முதலில் அழிந்து, அவ்வேகமே எஞ்சிய பகுதியை உதைத்துச் சிதறடிக்கும் என்று எதிர்பார்க்கலாம். அணுகுண்டைப் போல ஒரே கணத்தில் முழுமையும் எரிந்து தீர்தல் எளிதன்று. மேலும், அணுகுண்டின் ஆற்றலில் பெரும்பகுதி வெடித்த இடத்திற்கு மிக அண்மையிலேயே காற்றால் உறிஞ்சப்பட்டு, தீக்கோளமாய்த் திரண்டு, ஏறத்தாழப் பாதி அதிர்ச்சி அலையாகவும் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகவும் பரவும். எதிர்ப் புரோட்டான் அழியுங்கால் பையான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. அவற்றுள் ஒருவகை உடனே மிகுவலியுடைய காமாக் கதிர்களாக மாறும். அக்கதிர்கள் காற்றில் பல நூறு மீட்டர் ஊடுருவிச் சென்ற பின்னரே தம் ஆற்றலை இழக்கும். எனவே மறைப்பின்றி வெடிக்கும் எதிர்ப்பொருளின் அடி, அணுகுண்டின் அடியைப் போல ஓரிடத்தில் திரளாது. பரந்த வெளியில் கதிராய்ப் பாயும். மற்றொரு வகைப் பையான்கள் சிதையும்போது, ஆற்றலின் ஒரு பெரும்பங்கை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் கவர்ந்து செல்லும். அவை மலையையும் மண்ணையும் தடையின்றி ஊடுருவிப் போகும். எவரையும் சுடா, எதனையும் அசைக்கா. அத்தகைய நியூட்ரினோக்கள் விண்கதிர்களாலும் காற்று மண்டலத்தில் பிறக்கின்றன. அவற்றின் சுவட்டை, நம் மாவட்டத்திற்கு வடக்கேயுள்ள கோலார் தங்கச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவிகள் வைத்து, 1965-ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டனர். சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அவ்வாராய்ச்சியின் புகழ் மூடப்படவில்லை.

இனி, 'தூய குண்டு' என்னும் சொல்லை நிறுத்துப் பார்ப்போம். அணுக்கருப் பிளவின் கேடு வெடித்த அன்றோடு ஒழிவதில்லை. பிளந்த கருவின் துண்டுகள் சாம்பலாய்ப் பரவுகின்றன. அவற்றுள் அயோடின் எட்டு நாளில் பாதியாகும். சீசியம் பாதியாக முப்பது ஆண்டு ஆகும். 1954-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் பிக்கினித் தீவில் அமெரிக்கர் நீரகக்குண்டைச் சோதித்தபோது, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் மீன்பிடித்த ஜப்பானியப் படகின்மீது அச்சாம்பல் பனிபோல் விழுந்தது. அதிலிருந்த இருபத்து மூவரும் நோயுற்றனர். ஒருவர் அவ்வாண்டே மாண்டார். எதிர்ப்பொருள் அழிவில் இத்தகைய பிளவுத் துண்டுகள் இல்லை. தூயது என்று சிலர் சொல்வது இதுகொண்டே.

ஆனால் அவர்கள் கூறாது விடுவது ஒன்றுண்டு. காமாக் கதிரும் பையானும் அருகிலுள்ள அணுக்கருக்களைத் தாக்கிச் சிதைக்கும். அதனால் மண்ணிலும் காற்றிலும் ஓரளவு கதிரியக்கம் பிறக்கும். 1908-ஆம் ஆண்டு சைபீரியாவில் துங்குசுக்கா ஆற்றுப் பகுதியில் வானத்தில் ஒன்று வெடித்து, இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டைச் சாய்த்தது. அது எதிர்ப்பொருளாய் இருக்குமோ என்று 1965-இல் கோவன், அட்லூரி, லிப்பி என்னும் மூன்று அறிஞர் ஆராய்ந்தனர். அங்ஙனமாயின் காற்றில் கதிரியக்கக் கரி மிகுந்திருக்கும். அது மரங்களின் ஆண்டு வளையத்தில் பதிந்திருக்கும் என்று கருதி, பழைய மரங்களைச் சோதித்தனர். விண்ணிலிருந்து வந்த கல்லோ வால்மீனோ காற்றில் வெடித்ததே அது என்பது இன்றைய முடிபு. எனினும் அவர்தம் ஆராய்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது: சுவடு வையாது போகும் வெடிப்பென்று அறிவியல் எதனையும் கருதவில்லை.

இன்னும் ஒன்று. இரோசிமாவில் குண்டு விழுந்தபோது சடக்கோ என்னும் சிறுமிக்கு வயது இரண்டு. அன்று உயிர் தப்பினாள். பத்தாண்டு கழித்து, 1955-இல் இரத்தப் புற்றுநோயால் மாண்டாள். கதிர் ஒருவர் உடலில் ஒருமுறை பாய்ந்தாலும் போதும்; பல்லாண்டு கழித்து வந்து தன் கடனைக் கேட்கும். எதிர்ப்பொருளின் ஆற்றலில் பெரும்பகுதி அத்தகைய கதிரே. மண்ணில் நஞ்சு குறைவு என்பதற்காக அதனைத் தூயது என்றால், அம்மண்ணில் நடந்த குழந்தைகளை எண்ணாது மண்ணை மட்டும் எண்ணுவதாகும். இவற்றையெல்லாம் அவ்விளைஞனுக்கு எடுத்துரைத்தபோது, அவன் நெடுநேரம் பேசாதிருந்து, "அப்படியானால் அந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும், ஐயா" என்றான்.

இத்தகைய குண்டை எவரேனும் செய்துவிடுவரோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. யுரேனியம் நிலத்தடியில் கிடைக்கும் புதையல் போன்றது. அதன் ஆற்றல் விண்மீன்களின் காலத்திலேயே சேமித்து வைக்கப்பட்டது. எதிர்ப்பொருளுக்குச் சுரங்கம் இல்லை. அதனைத் துகள்துகளாக நாமே ஆக்க வேண்டும். அது உண்டியல் போன்றது. இட்டதற்கு மேல் எடுக்க இயலாது. அதிலும் இட்டதில் மிகமிகச் சிறுபங்கே உண்டியலுள் விழும். சுவிட்சர்லாந்து நாட்டு எல்லையிலுள்ள செர்ன் ஆய்வு நிலையம் இதில் தலைசிறந்தது. அது தன் பொறிகள் அனைத்தையும் இதற்கே பயன்படுத்தினாலும், ஆண்டுக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கே ஆக்க இயலும் என்பர். ஒரு கிராம் சேர நூறு கோடி ஆண்டு ஆகும்! அங்கு இதுவரை ஆக்கிய எதிர்ப்பொருள் முழுவதையும் ஒருங்கே அழித்தாலும், ஒரு மின்விளக்கு சில நிமிடம் எரியும், அவ்வளவே. அங்கு எதிர் நீரக அணுக்களைப் பதினாறு நிமிடம் அழியாது நிறுத்திய செய்தி 2011-இல் வெளியானபோது, உலகமே அதனை அருஞ்செயலாகப் போற்றியது.

ஆயின் இம்மூன்றாம் தீயால் பயன் இல்லையோ எனின், உண்டு. இயற்கையே அதனைச் சிறிது சிறிதாக வழங்குகின்றது. நாம் உண்ணும் வாழைப்பழத்திலுள்ள பொட்டாசியம், ஓரிரு மணி நேரத்திற்கு ஒருமுறை ஒரு பாசிட்ரானை வெளியிடும், அது அக்கணமே அழியும், உண்பவர் அறியார். மருத்துவரோ அதனைக் கருவியாகவே கொண்டனர். சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவியார் நோயுற்றபோது, பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் 'பெட்' என்னும் படம் எடுத்தனர். கதிரியக்கமுடைய புளோரின் சேர்ந்த சர்க்கரையை ஊசிவழி ஏற்றினர். அந்தப் புளோரின் இரண்டு மணி நேரத்திற்குள் பாதியாகிவிடும். நோயுற்ற இடம் சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும். அங்கே புளோரின் வெளியிடும் பாசிட்ரான், ஒரு நெல்மணியின் அகலத்தையும் கடவாமல் ஓர் எலக்ட்ரானைத் தொட்டு, இரண்டும் மறையும். அப்போது இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் புறப்படும். சுற்றிலும் உள்ள வளையக் கருவி அவற்றைப் பற்றி, அவை எழுந்த இடத்தைப் படமாக்கும். சில மணி நேரம் குழந்தைகளை நெருங்க வேண்டா என்று மட்டும் சொல்லி அனுப்பினர். நோய் நின்ற இடம் தெரிந்தது, மருத்துவம் நடந்தது, இன்று அவர் நலமாயிருக்கின்றார். எந்தத் தீயைக் குண்டாகக் கனவு காண்கின்றனரோ, அதே தீ என் இல்லத்தில் விளக்காக நின்றது.

அஞ்ச வேண்டிய தீ வேறு உண்டு. அது தொலைவிலும் இல்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஓசூருக்கு அப்பால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில், வண்டியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்குகையில் தீப்பற்றியது. பதினான்கு பேருக்கு மேல் மாண்டனர். அவருள் பலர் தீபாவளி வாணிகத்தையொட்டிக் கூலிக்கு வந்த தமிழ்நாட்டு இளைஞர். குடும்பத்திற்கு உதவ எண்ணி வந்தவர். அங்கே எரிந்தது யுரேனியமும் அன்று, எதிர்ப்பொருளும் அன்று. முத்தீயுள் மிக எளிய முதல் தீயே. ஆற்றலாக மாறிய நிறையைக் கணக்கிட்டால், அது குன்றிமணியின் நிழலுக்கும் நிகராகாது. அதற்கு ஈடாகச் சென்ற உயிர்களை எத்தராசில் நிறுப்பது?

ஆகவே, மாணாக்கர்களே! வெடிமருந்து மூட்டையளவில் அழிக்கும். அணுக்கரு கிராமளவில் அழிக்கும். எதிர்ப்பொருள் எஞ்சாது அழியும். முதலது திரியால் எழும். இரண்டாவது சூழ்ச்சியால் எழும். மூன்றாவது தொட்ட மாத்திரத்தில் எழும். இவ்வேறுபாடுகளை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். கற்றபின், எத்தீக்கும் 'தூய' என்னும் அடைமொழியைத் தாராதீர்கள். எதிர்ப்பொருளை ஆராய்வோர், கண்ணுக்குப் புலனாகாத சில அணுக்களுக்காகப் பகலும் இரவும் காவல் நிற்கின்றனர். அக்காவலில் நூற்றில் ஒரு பங்கை நாம் நம் ஆலையிலும் கிடங்கிலும் அடுப்படியிலும் மேற்கொண்டால், பல தாய்மாரின் கண்ணீர் நிற்கும். நாளை உங்களுள் சிலர் பொறியாளராகலாம். சிலர் ஆய்வுக்கூடம் புகலாம். சிலர் கிடங்கின் திறவுகோலைக் கையில் வைத்திருக்கலாம். எத்தீ உங்கள் பொறுப்பில் வந்தாலும், அதன் அருகே பணிபுரிவோர் மாலையில் வீடு திரும்ப வேண்டியவர் என்பதை மறவாதிருங்கள்.